அடிக்கும்போது வாங்கும் மூச்சு

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவளுக்குக் காலர் என்றே பெயர் விழுந்துவிட்டது. எந்த வெயிலிலும் கழுத்து வரை பொத்தான் போட்டு வருவதால் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டது. மூடி வைத்திருப்பது எதையென்று பக்கத்து மெஷின்காரிக்குத் தெரியும்.

"உன் வீட்டுக்காரன் கைக்கு வேற வேலையே இல்லையாடி?"

இருந்தது. கிடங்கில் மூட்டை தூக்குகிற கை. அடுப்படியில் ஆரம்பித்தால் வாசல்வரை அடிப்பான். ஒருமுறை பெல்ட் அறுந்தது. அறுந்ததற்கும் சேர்த்து அடித்தான். அவளுடைய இடது காது அன்றைக்குப் போனதுதான்.

இந்த மழைக்காலத்தில் அவன் கால்கள் வீங்கின. படுத்தால் திணறல், சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான். டாக்டர் சீட்டு இல்லாமல் வராதே என்று கிடங்கு மேஸ்திரி துரத்திவிட்டார். அவள்தான் மருத்துவமனைக்கு இழுத்து வந்தாள்.

டாக்டரம்மா கணுக்காலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ஈசிஜி, ரத்தம், எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று.

"இதயம் சரியா பம்ப் பண்ணலை. எப்ப ஆரம்பிச்சது, எதனாலேன்னு தெரியணும். மூச்சு எப்பலேருந்து வாங்குது?"

"சளிதாம்மா. ரெண்டு நாளா."

"குடிப்பீங்களா?"

"சேச்சே."

"மாடி ஏறினா?"

"ஓடியே ஏறுவேன்."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

மேஜைக்கடியில் அவன் அவள் தொடையைக் கிள்ளினான். நகம் இறங்கியது. சொன்னால் சரியான மருந்து கிடைக்கும். மருந்து கிடைத்தால் அந்தக் கை திரும்பி வரும். செத்துத் தொலையட்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தவள்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு கொல்ல அவளுக்கு வரவில்லை.

"தினம் குடிப்பாரும்மா. போன வெயில் காலத்துல அடிக்கிறப்போ வாசல் வரைக்கும் வருவாரு, மூச்சே வாங்காது. அப்புறம் பாதியிலே நின்னு இருமினாரு. இப்ப ரெண்டு அறை விட்டா சுவத்தைப் பிடிச்சு உக்காந்துடறாரு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"குடியை விட்டு மாத்திரையை ஒழுங்கா எடுத்தா," என்றார் மெதுவாக, "சில மாசத்துல தெம்பு திரும்பலாம்."

"அப்ப எதை எப்ப போடணும்னு அவருக்கே சொல்லிக்குடுங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

வராந்தாவுக்கு வந்ததும் அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். புருவம் கிழிந்தது.

"எல்லாத்தையும் கொட்டிட்டியாடி?"

மறுபடி மோத இழுத்தவனுக்கு மூச்சு அடைத்தது. முட்டியில் கை ஊன்றிக் குனிந்தான். அவள் கண்ணில் இறங்கிய ரத்தத்தை வழித்துவிட்டு டாக்டரம்மாவின் கதவைத் தட்டினாள்.

"இப்பவும் வாங்குதும்மா. வந்து பாருங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.