நான் கழித்துவிட்ட இரண்டு குச்சிகள்

காஸ் டேர்பைனின் சூடான பகுதிக்குள் வைக்கும் செரமிக் தகடுகள் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை அலுவலகம். கணக்கு என்னுடையது. அதே செரமிக்கில் செய்த மாதிரிக் குச்சிகளை மெஷினில் வளைத்து உடைத்து எனக்கு எண்களைத் தருபவர் மூதூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். அவருடைய வீடு ஓடுவது அந்தச் சம்பளத்தில்தான்.

ஒருமுறை முப்பது குச்சிகளில் இரண்டு, மற்றவற்றின் பாதிப் பாரத்திலேயே உடைந்திருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்கள் கோணலா வச்சிருப்பீங்கள்" என்றேன்.

"இல்ல சேர், நேராத்தான் வச்சனான். குச்சிக்குள்ளதான் ஏதோ இருக்கு. துண்டுகளை எடுத்து வச்சிருக்கன், ஒருக்காப் பாருங்க."

பார்க்கவில்லை. இரண்டையும் கழித்துவிட்டு இருபத்தெட்டுக்குக் கணக்குப் போட்டேன். கப்பல் இரும்போடு பல வருஷம் கிடந்த புத்தி. இரும்பு வளைந்து காட்டிவிட்டுத்தான் உடையும். செரமிக் வளையாது, உள்ளே ஆக மோசமான குறை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரே வெடிப்பு. அதனால் ஆகக் குறைந்த எண்ணைத்தான் முதலில் நம்பவேண்டும். இது எனக்குத் தெரியாததா? வரைபடத்தில் கோடு நேராக வரவேண்டும் என்ற சபலம், வேறென்ன.

தகடு செய்யும் வெளிநாட்டுக் கொம்பனி சூடேற்றிச் சோதித்தபோது தகடு இரண்டாகப் பிளந்தது. எண்களில் இது ஏன் தெரியவில்லை என்று அந்தக் கொம்பனி அதிகாரி வீடியோவில் கேட்டார். அந்தப் பெண் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். குச்சிகளை உடைத்ததில் கவனக்குறைவு இருந்திருக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். மாதம் முடிய எங்கள் அலுவலக நிர்வாகத்தினர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பிறகுதான் அவர் விட்டுப்போன துண்டுகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் ஊசிமுனையளவு ஓட்டை, இரண்டிலும். வெட்கத்தில் காது சுட்டது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை.

சில வாரம் கழித்து, புது வேலைக்கு ஒரு கடிதம் கேட்டு வந்தார். மிகக் கவனமானவர், இவரது அளவுகளை முழுதாக நம்பலாம் என்று எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"இதையே அண்டைக்கு அவங்களிட்டச் சொல்லியிருக்கலாமே, சேர்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். பிழை என்னுடையது என்று அந்தக் கொம்பனிக்கு எழுதவேண்டியதை நான் இன்னும் எழுதவில்லை.