கயிற்றுக்கு அப்பால் அப்பாவின் பெருவிரல்

இதை வாசிப்பவரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக அழைக்கவில்லை. நடுவர்களை எப்படி வெல்வதென்று நான் பயின்றிருக்கிறேன். சாட்சியை வெல்ல வேண்டியதில்லை. தாழ்வுபாட்டுக் கடற்கரையில் ஒரு கயிறு மணலில் நீளமாய்க் கிடந்த அந்த நாட்களில், நீங்களும் என் பக்கத்தில் நின்றதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது போதும்.

தொற்றுக் காலம். பாடசாலைகள் மூடிக் கிடந்தன. நான் எங்கள் பாடசாலை விவாத அணியின் தலைவன். அந்தப் பெருமையை மறைக்க நான் என்றும் முயன்றதில்லை. மேடை இல்லாத அந்த வருடத்தில் போட்டிகள் சூம் செயலிக்கு இடம்மாறின. எங்கள் வீட்டில் அலுமாரிக்கு மேல் மட்டுமே சிக்னல் ஒழுங்காக வரும். ஆகவே தொலைபேசியை அங்கே சாய்த்து வைத்து, கதிரையொன்றில் ஏறி நின்று பேசினேன். மேடை இல்லையென்றாலும் உயரம் இருந்தது.

அரையிறுதிச் சுற்றின் பொருள், கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருக்க வேண்டுமா, தளர வேண்டுமா என்பது. நான் இறுக்கத்தின் பக்கம். கதிரையில் ஏறுமுன் அப்பாவின் முன் போய் நின்றேன். அது எங்கள் வீட்டு வழக்கம். பாடசாலைக்குப் போனாலும், பரீட்சைக்குப் போனாலும், மன்னாருக்குப் பல்லுப் பிடுங்கப் போனாலும், அப்பா தன் வலக்கைப் பெருவிரலால் எங்கள் நெற்றியில் சிலுவை வரைவார். கயிறு இழுத்துக் காய்த்த விரல். நெற்றியில் உரசும்போது மரத்தூளைப் போலச் சொரசொரக்கும். நாங்கள் தலையைக் குனிவதும் அவர் விரலை நீட்டுவதும் ஒரே கணத்தில் நடக்கும். யாரும் யாரையும் அழைப்பதில்லை.

"காத்திருத்தல்தான் இந்தக் காலம் நம்மிடம் கேட்கும் தியாகங்களில் மிக இலேசானது" என்று அன்று முழங்கினேன். "அதைக்கூடச் செய்ய மறுப்பவர் பிறருடைய மூச்சை வைத்துச் சூதாடுகிறார்." நடுவர்கள் மூவரும் எங்கள் பக்கம் சாய்ந்தார்கள். வேலிக்கு வெளியே ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் அண்ணர், வாளியை வைத்துவிட்டுக் கை தட்டினார்.

"மருமகன் நல்லாத்தான் கதைக்கிறார். இவர் காத்திருந்தால் மீனும் காத்திருக்குமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

இறுதிச் சுற்றுக்கான நாள் பின்னர் அறிவிக்கப்படும் என்றார்கள். அதற்கிடையில் வீட்டில் வேறொரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அக்காவின் கலியாணம். மாப்பிள்ளை எங்கள் மன்னார்த் தீவுக்கு வெளியே, பாலத்துக்கு அப்பால், நறுவிலிக்குளத்தில் நெல் விளைவிக்கும் கமக்காரர். முதல் முடக்கத்தின்போது ஒருமுறை தள்ளிப்போட்டாயிற்று. இம்முறை பங்குக் கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலையும் வாசித்து முடிந்திருந்தது. வருகிற சனிக்கிழமை நடக்காவிட்டால் மறுநாள் திருவருகைக் காலம் தொடங்கிவிடும். பிறகு நத்தார்ப் பண்டிகை கழியும்வரை எங்கள் பங்கில் கலியாணம் வைப்பதில்லை.

அந்த வாரத்தில்தான் அப்பாவோடு கரைவலை இழுத்த ஒருவருக்குத் தொற்று என்று தெரியவந்தது.

கரைவலை இழுப்பவர்களைக் கண்டிருப்பீர்கள். முன்னால் நிற்பவரின் முதுகில் பின்னால் நிற்பவரின் மூச்சு படும். ஒருவர் காலை ஊன்றினால் எல்லோரும் ஊன்றவேண்டும். இடைவெளி விட்டு இழுத்தால் வலை வராது. எனவே அந்தக் கயிற்றைப் பிடித்த எல்லோரையும் பாடசாலை மண்டபத்துக்கு அழைத்து மூக்கில் மாதிரி எடுத்தார்கள். மாதிரிகள் வெளி மாவட்டமொன்றின் ஆய்வுகூடத்துக்குப் போயின. முடிவு வரும்வரை தனிமைப்படுத்தல்.

அப்பா வீட்டுக்குள் வரவில்லை. வேலிப் படலைக்கு வெளியே நின்று, "கலியாணப் பிள்ளை இருக்கிற வீடு. நான் வாடியில படுக்கிறன்" என்றார். வாடி என்பது கடலோரத்தில் வலை வைக்கும் ஓலைக் கொட்டில். அதற்கு முன்னால் பழைய கரைவலைக் கயிறொன்றை அவரே மணலில் நீட்டிப் போட்டார். அவர் அப்பால், நாங்கள் இப்பால். அம்மா சோற்றுக் கோப்பையைக் கயிற்றோரம் கவிழ்த்து வைத்த மீன்பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்வா. அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். எந்தத் தனிமைப்படுத்தலுக்கும் கட்டுப்படாத கழுதையொன்று மட்டும் கயிற்றைத் தாண்டித் தாண்டி இரு பக்கமும் மேய்ந்தது.

"அதுக்கு மாதிரி எடுக்கேல்லையோ?" என்று அப்பா கேட்டார். அம்மா பல நாட்களுக்குப் பிறகு சிரித்தா.

பொழுது படும்போது நாங்கள் மூவரும் கயிற்றுக்கு இப்பால் முழந்தாளிட்டோம். செபமாலையின் முற்பாதியை அப்பா வாடி வாசலிலிருந்து சொல்வார், பிற்பாதி எங்களுடையது. காற்று எதிர்த்து அடித்ததால் அக்காவின் குரலும் அம்மாவின் குரலும் அவரை எட்டவில்லை. என் குரல் எட்டியது. மறுபாதி காதில் விழுந்த பின்பே அவர் அடுத்த மணிக்குப் போனார். நெஞ்சிலிருந்து குரலை எடுத்து மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை எறியவேண்டும் என்று எனக்குப் பயிற்சி தந்தவர்கள், அது இதற்குப் பயன்படும் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. கூட இழுத்தவர்களுக்கெல்லாம் தொற்று இல்லை. அப்பாவுடையது மட்டும் வரவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நல்ல மனிதர், தினமும் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, படலைக்கு வெளியே நின்று சொல்வார்: "தம்பி, மாதிரி போனது உண்மை. எங்க நிக்குதெண்டு எனக்கும் தெரியாது. வந்த உடன முதல் போன் கோல் உங்களுக்குத்தான்." அவருடைய கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரிடம் கோபப்பட முடியவில்லை. கோபப்பட வேண்டிய இடம் எங்கே இருக்கிறதென்றும் தெரியவில்லை.

கலியாணத்துக்கு முந்தின நாள், மாமா முற்றத்தில் வந்து நின்றார்.

"கூட இழுத்த எல்லாருக்கும் இல்லையெண்டு வந்திட்டுது. இந்தாளுக்கு மட்டும் எங்கயிருந்து வரும்? ஆகாயத்தாலயோ?"

"வருமெண்டு நான் சொல்லேல்லை மாமா. வராதெண்டு எங்களுக்குத் தெரியாது எண்டுதான் சொல்லுறன்."

"பாத்தியே தங்கச்சி, உன்ர மகன்ர கதையை. தெரியாததுக்கும் ஒரு பேச்சு வைச்சிருக்கிறார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கடலுக்குப் போறவன் தினமும் பாக்காத ஆபத்தே?"

"கத்தாதையுங்கோ அண்ணை" என்றா அம்மா. "அங்க அந்த மனிசனுக்குக் கேக்கும்."

மாமா குரலைத் தாழ்த்தினார். "டேய், உனக்குத்தான் வாய் இருக்குது. அந்தப் பரிசோதகரோட கதை. அரை மணித்தியாலம், முகத்தை மூடிக்கொண்டு, கோயிலில ஒரு மூலையில நிண்டிட்டு வரட்டும். பெத்த பிள்ளையைத் தேப்பன் கூட்டிக்கொண்டு போகாமல் வேறை ஆர் போறது?"

மறுபக்கத்தையும் பேசப் பயின்றவன் நான். கிணற்றடியில் உலாவியபடி ஒரு பேச்சைக் கட்டினேன். நல்ல பேச்சு. முடிவு தாமதமாவது அப்பாவின் பிழையன்று. பிழையில்லாதவரைத் தண்டிக்கும் விதி மதிப்பை இழக்கும். மதிப்பை இழந்த விதியை நாளை எவரும் பின்பற்றார். இறுதிச் சுற்றிலேயே வைக்கத்தக்க வாதம். துணி காயப்போட வந்த அக்காவிடம் சொல்லிக் காட்டினேன். கடைசிவரை கேட்டா.

"வடிவாயிருக்குது" என்றா. "மாமியும் முன்வரிசையிலதான் இருப்பா. அதுக்கு உன்ர பேச்சில என்ன இருக்குது?"

மாமி என்று அக்கா சொன்னது மாப்பிள்ளையின் தாயை. அவ புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தா. தலைமயிர் கொட்டியிருந்தது, சிறு சளி தடிமனும் ஆகாது என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். மகனின் கலியாணத்தைக் காணவேண்டும் என்பதற்காகவே வருகிறா.

அக்கா ஈரத்துணியைக் கொடியில் உதறிப் போட்டா.

"நீ ஒருத்தரோடயும் கதைக்காதை. எனக்கு அப்பாவும் வேணும், மாமியும் வேணும். அப்பா வாடியிலயே நிக்கட்டும். நான் கோயிலுக்குப் போற வழியில அவரிட்டைப் போவன். கயிற்றுக்கு இங்கால நிண்டு கும்பிட்டிட்டுப் போவன்."

அன்று மாலைச் செபம் முடிந்ததும் அக்கா அதைக் கயிற்றுக்கு இப்பாலிருந்து அப்பாவிடம் சொன்னா. என் குரல் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்பா தலையை ஆட்டினார். "அதுதான் சரி மோனை" என்றார்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மாமாவின் ஓட்டோவில் அக்காவும் அம்மாவும், பின்னால் சைக்கிளில் நான். அம்மா முந்தின மாலையே மீன்பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போன வெள்ளை வேட்டியையும் சேர்ட்டையும் உடுத்து, தலையை நனைத்துச் சீவி, வாடி வாசலில் அப்பா நின்றார். கோயிலுக்குப் போகிறவரைப் போலவே நின்றார். அக்கா வெள்ளைச் சேலையில் இறங்கி, முக்காட்டைக் காற்றுக்குப் பிடித்தபடி கயிற்றடிக்கு வந்தா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அப்பா வலக்கையை உயர்த்திப் பெருவிரலை நீட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தத் தீர்மானமும் தடுத்திருக்காது. விரல் நீண்டதும் அக்காவின் தலை குனிந்தது. தலை குனிந்ததும் கால் நடந்தது. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டிவிட்டா. அப்பாவும் அதே வேளையில் முன்னால் வந்துகொண்டிருந்தார். பிறந்த நாள் முதல் பழகிய வழக்கம் இருவரையும் இழுத்தது. "விடடா" என்று மாமா எனக்குப் பின்னால் முணுமுணுத்தார். அவர்களுக்கிடையில் ஒரு சுளகு வைக்கும் தூரத்தைவிடச் சற்றே அதிகம் இருந்தது.

"நில்லக்கா! அப்பா, வராதையுங்கோ!"

அன்று நான் ஆற்றிய உரை அவ்வளவுதான். கழுதை திடுக்கிட்டு ஓடியது. அக்கா நின்றா. அப்பா நின்றார். நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. அதைப் பார்க்க முடியாமல் நான் மணலைப் பார்த்தேன். மேடைகளில் ஒரு சொல்லால் மண்டபத்தை நிறுத்தியதாகப் பெருமைப்பட்டிருக்கிறேன். இந்தச் சொல் நிறுத்தியதை, எனக்கு வலிமை இருந்திருந்தால், அதே கணத்தில் மீண்டும் நடக்க விட்டிருப்பேன்.

அக்கா பின்னால் அடிவைத்து மீண்டும் கயிற்றுக்கு இப்பால் வந்தா. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி. நீ போடு."

"நானோ?"

"ஓம். என்ர கையைப் பாத்துப் போடு."

அவர் காற்றில் மெதுவாகக் கோடு இழுத்தார், மேலிருந்து கீழே. நான் அக்காவின் நெற்றியில் என் விரலை அதே வேகத்தில் இழுத்தேன். பிறகு இடமிருந்து வலம். அவர் முடிக்கும்வரை நானும் முடிக்கவில்லை. என் விரல் பேனை பிடித்த விரல். மிருதுவாக, ஈரமாக இருந்தது. அக்கா கண்ணை மூடியபடி நின்றா.

"பவுடரைக் கெடுத்துப்போட்டாய்" என்றா, கண்ணைத் திறக்காமலே.

கோயிலுக்குள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருந்தது. வாசலில் வைத்து மாமா, "என்ர இடத்தை வேறை ஆருக்கும் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு ஓட்டோவைத் திருப்பினார். பூசை முழுவதும் அவர் வாடிக்கு முன்னால், கயிற்றுக்கு இப்பால், மணலில் குந்தியிருந்தார் என்று பிறகு அறிந்தேன். கோயில் ஒலிபெருக்கி கடற்கரைவரை கேட்கும். "அவள் சம்மதம் எண்டு சொல்லேக்க," என்றார் மாமா, "இந்தாள் எழும்பி நிண்டவர். நானும் எழும்பிட்டன்." முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய் தலையில் துணி கட்டியபடி அமர்ந்து, பூசை முடியும்வரை அக்காவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பின்னேரம் அக்கா பாலத்தைக் கடந்து நறுவிலிக்குளத்துக்குப் போய்விட்டா. மறுநாள் பாலத்தை மூடினார்கள், தீவிலிருந்து வெளியே போவதற்குத் தடை வந்தது. அதற்கடுத்த நாள் காலை பரிசோதகரின் அழைப்பு வந்தது. அப்பாவுக்குத் தொற்று இல்லை.

"அப்ப எல்லாம் வீண்" என்றார் மாமா. ஆனால் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.

வீண் என்று நான் அன்றும் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. தெரியாமல் இருந்தபோது செய்ததைத் பிறகு வந்த முடிவைக் கொண்டு அளப்பது நேர்மையன்று. மாப்பிள்ளையின் தாய் இன்றும் நறுவிலிக்குளத்தில் அக்காவோடு சேர்ந்து நெல் அவிக்கிறா. அது எங்கள் கயிற்றினால்தான் என்று நான் உரிமை கோரவும் மாட்டேன். ஆனால் விதியையும் தாமதத்தையும் காத்திருத்தல் என்ற ஒரே பெயரால் அழைத்துப் பேசியிருந்தேன் என்பது எனக்குப் புரிந்தது. விதி எங்களிடம் கேட்டது, நாங்கள் கொடுத்தோம். தாமதம் கேட்காமலே எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அந்த அழைப்பு வந்திருந்தால் அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்திருப்பார். காத்திருத்தலை இனி எந்த மேடையிலும் இலேசானது என்று சொல்லமாட்டேன்.

அப்பா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கைகால் கழுவினார். அக்காவின் அறை வாசலில் சற்று நின்றார். அலுமாரி திறந்து கிடந்தது. உள்ளே அவவின் பாடசாலைக் காலத்துச் சட்டையொன்று மட்டும் தொங்கியது. பிறகு முற்றத்துக்கு வந்து, தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவளுக்கு நான் இன்னும் போடேல்லை" என்றார்.

"தம்பி போட்டவன்தானே" என்றா அம்மா.

"அது அவன்ர கை."

அப்போதுதான் இறுதிச் சுற்று எந்த நாளிலும் அறிவிக்கப்படலாம் என்பது என் நினைவுக்கு வந்தது. மாமா வேலிக்கு வெளியே துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று, நிமிர்ந்து நின்று, கடைசிக் கதிரைவரை எட்டும் குரலில் சொன்னேன்:

"அப்பா, பாலம் திறக்கிற அண்டைக்கு உங்களை நான்தான் சைக்கிளில ஏத்திக்கொண்டு நறுவிலிக்குளம் போவன். இறுதிச் சுற்று அண்டைக்கே வந்தாலும் போவன். முதல் உங்கட விரல் அக்காவின்ர நெத்தியில படட்டும். அதுக்குப் பிறகுதான் நான் வாய் திறப்பன்."