‘திர’ என்றால் திரி இல்லை: கோவளத்தில் என் முதல் அலைச்சறுக்கு

சிவகாசிக்காரர்கள் எங்காவது ஊர் சுற்ற வேண்டுமென்றால் தீபாவளி முடிந்த கையோடு கிளம்பிவிட வேண்டும். பட்டாசு கம்பெனிகள் அப்போது ஒரு மாதம் போலப் பூட்டிக் கிடக்கும். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் பட்டாசு லேபிள் மட்டும்தான் அடிப்போம். காலண்டர் அடிக்கும் பக்கத்து அச்சகங்களில் மூச்சுவிட நேரமில்லாத அதே நாட்களில் நாங்கள் கம்ப்யூட்டருக்கு உறை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். 2008-இல் அப்படிக் கிடைத்த லீவில்தான் நானும் என் வீட்டுக்காரரும் கோவளம் போனோம்.

ஏன் கோவளம் என்று கேட்பீர்கள். அந்த சீசனில் ஒரு பூச்சட்டிப் பெட்டிக்கு, அதாவது புஸ்வாணப் பெட்டிக்கு, லேபிள் செய்தேன். கடல் அலைமேல் பலகையில் நிற்கும் ஒரு பெண்ணின் படம். பூச்சட்டிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்காதீர்கள், ஆர்டர் கொடுத்தவருக்குப் பிடித்திருந்தது. படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுக்க, இரண்டு நாள் அவள் பாதங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. திருச்செந்தூருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கணுக்கால் நனைய நின்று பைகளுக்குக் காவல் இருந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு அலையிலாவது நானும் எழுந்து நின்றுவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். எதற்கும் அசரமாட்டார். விஷயத்தைச் சொன்னதும், “வெம்பக்கோட்டைக் கிணத்துல நீஞ்சுனவ கடல்ல போயி நிக்கப் போறியாக்கும்?” என்று கேட்டார். ஆனால் கோவளத்தில் மீன் நன்றாக இருக்கும் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். அடுத்த வாரமே கிளம்பிவிட்டோம்.

காலை 5.30-க்கு சிவகாசியில் பஸ் ஏறினோம். ராஜபாளையத்தில் மாறி, தென்காசியில் இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து செங்கோட்டை, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம். மலை இறங்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் புழுதியிலேயே கிடந்தவர்களுக்கு அந்த ஈரக்காற்று ஒன்றுக்கே டிக்கெட் காசு தகும். அங்கே ‘கிழக்கே கோட்டை’ பஸ் நிலையத்திலிருந்து கோவளத்துக்கு டவுன் பஸ் உண்டு, 16 கி.மீ. மொத்தம் சுமார் 215 கி.மீ. மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி 450 ரூபாய்க்கு அறை கிடைத்தது. மீன் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாடம். ஒன்றரை மணி நேரத்துக்கு 500 ரூபாய், பலகையும் அதிலேயே சேர்த்தி. சொல்லிக் கொடுத்தவர் ஷிபு. நல்ல உயரம், எந்நேரமும் சிரிப்பு, பாதி மலையாளம் பாதித் தமிழ். முதலில் மணலில் குப்புறப் படுத்து எழுந்து பழகினோம். பிறகு பலகையை ஒரு வாரால் என் கணுக்காலோடு கட்டி, இடுப்பளவுத் தண்ணீருக்குக் கூட்டிப் போனார். பலகைமேல் நான் படுத்துக்கொள்ள வேண்டும். நல்ல அலை வந்ததும் அவர் குரல் கொடுத்துத் தள்ளிவிடுவார், நான் எழ வேண்டும். அவ்வளவுதான் பாடம். கரையில் வீட்டுக்காரர் கேமராவோடு நின்றார்.

ஷிபு கத்தினார்: “திர! சேச்சி, திர!”

அடுத்து என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. பலகையிலிருந்து குதித்துக் கரைக்கு ஓடினேன். கணுக்காலில் கட்டிய பலகை என் பின்னாலேயே துள்ளித் துள்ளி வந்தது. மணலில் போய்க் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். அவர் எனக்கு முன்பே ஓடி, தூரத்தில் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் இருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் திரி வெட்டும் அறையில் வேலை பார்த்தவள் நான். அங்கே யாராவது அந்தக் குரலில் ‘திரி’ என்று கத்தினால் நெருப்புப் பிடித்துவிட்டது என்று அர்த்தம், என்ன ஏது என்று கேட்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பக்கத்து வாசல் வழியாக ஓடிப்போய் வெளியே படுத்துவிட வேண்டும். போர்மேனுக்கு மட்டும் வேறு சட்டமா என்ன?

“சேச்சி, எந்தினா ஓடியது?” என்று ஷிபு மூச்சிரைக்க வந்தார். அப்புறம்தான் தெரிந்தது, மலையாளத்தில் அலைக்குத் ‘திர’ என்று பெயராம். மூவரும் மணலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் விவரம் தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தது.

“சரி, இனி நான் அலைன்னு சொல்லாம்” என்றார் ஷிபு. சொல்லவும் செய்தார். ஆனால் ‘அலை’ என்ற சொல்லுக்கு என் உடம்பு அசைவேனா என்றது. சாப்பிட்டு எழும் மாமியாரைப் போல ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, நான் நிமிர்வதற்குள் அலை கரைக்குப் போய்விடும். நான் தண்ணீருக்குள் போய்விடுவேன். இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. மூக்கு, காது, வாய் எல்லாம் உப்பு. அடுத்துப் படிக்க வந்தவர்கள் கரையில் காத்திருந்தார்கள். மதியம் எங்களுக்குத் திரும்ப பஸ். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்து, நிற்காமலே ஊர் திரும்புவதா?

“இன்னும் ஒண்ணு மாத்திரம், சேச்சி” என்றார் ஷிபு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலையிலிருந்து என் கால்கள் மின்னலாய் எழுந்தது ஒரே ஒரு தடவைதான்.

“தம்பி, அலையும் வேண்டாம், திரயும் வேண்டாம். ‘திரி பத்திருச்சு’ன்னு கத்துங்க. நல்லா உயிர் போற மாதிரிக் கத்தணும்.”

பாவம், இரண்டு தடவை சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டார். பின்னால் தண்ணீர் உயர்ந்தது. பலகை முன்னால் வழுக்கியது.

“சேச்சி! திரி பத்திருச்சூ!”

நான் யோசிக்கவே இல்லை. கால்கள் தாமாகவே மேலே வந்துவிட்டன. ஓடுவதற்கு வாசல் தேடி நிமிர்ந்தவள், பலகைமேல் நின்றுகொண்டிருந்தேன்! காற்று முகத்தில் அடித்தது, கரை என்னை நோக்கி வந்தது. நான் கத்திய கத்தலைக் கேட்டு ஷிபு பயந்துவிட்டாராம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, மணல் தட்டும்வரை விழவில்லை. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

“என்னங்க, போட்டோ எடுத்தீகளா?” என்று கத்திக்கொண்டே கரையேறினேன். கரையில் கேமரா மட்டும் மணலில் கிடந்தது.

தென்னை மரத்துக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். “அந்தப் பய திரி பத்திருச்சுன்னு கத்துதான், நான் எங்கன நின்னு போட்டோ எடுக்க?”

நீங்களும் போவதாக இருந்தால்: நீச்சல் தெரியாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இடுப்பளவைத் தாண்ட வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழைக்காலம், கடல் முரடு என்று ஷிபு சொன்னார், தவிர்த்துவிடுங்கள். பெண்கள் துப்பட்டாவை அறையிலேயே வைத்துவிட்டு, ஒட்டினாற்போல் உடை போட்டுப் போங்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். மறுநாள் தோள் இரண்டும் கழன்று விழுவது போல வலிக்கும், தைலம் எடுத்துப் போங்கள். பட்டாசு வேலை பார்த்தவர்கள் தண்ணீரில் இறங்கும் முன் எந்தச் சொல்லுக்கு எழ வேண்டும் என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கேமராவை வெளியூர்க்காரர் யாரிடமாவது கொடுங்கள்.

அன்று மதியம் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அறையில் பையைக் கட்டிக்கொண்டிருந்த என்னை வீட்டுக்காரர் தடுத்தார். “இரு புள்ள. எப்படி நின்னன்னு நான் பாக்கணும்லா” என்று கட்டிலைக் காட்டினார். நான் குப்புறப் படுத்தேன். இந்தத் தடவை ‘திரி’ என்று கத்தியது அவர். கத்திவிட்டு ஓடாமல் நின்றதும் அவர்தான்.

கீழே இருக்கும் படம் அவர் எடுத்தது. நிற்பது கட்டில் மேல். ஈரத் தலையும் அந்தச் சிரிப்பும் கடலிலிருந்து வந்தவை.