பெரிய வெள்ளிக்கு லீவு இல்லை

முகம் தெரியாதவர்களிடம் பிரெஞ்சில் திட்டு வாங்கிக்கொண்டு தமிழில் பல்லைக் கடிப்பதுதான் எங்கள் தொழில். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கால்சென்டர். பிரான்சில் ஒரு போன் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு அங்கிருந்து நாங்கள் பதில் சொன்னோம். ஹெட்போன் மாட்டிக் காது புண்ணானவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது பெயர்

சேர்ந்த அன்றே டீம் லீடர் பிரபாகர் எனக்கு 'சோஃபி' என்று பெயர் வைத்தார். ஊர் கேட்டால் பிரான்சிலிருக்கும் லியோன் என்று சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலி இஸ்மாயில் பாய் 'மிஷேல்' ஆனார். ஞானஸ்நானத்தில் லூர்துமேரி என்று வைத்தாகிவிட்டது, மறுபடி எதற்கு என்று எனக்கு எரிச்சல்.

கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், தினமும் நாற்பது பொய் சொல்கிறேன், சொல்லச் சொல்கிறார்கள் என்றேன். பங்குச் சாமியார் சொன்னார்: "அடுத்த தடவ வரும்போது, சொல்லச் சொல்றவரையும் கூட்டிக்கிட்டு வாம்மா."

பதினோரு நிமிஷம்

ஓர் அழைப்புக்கு நான்கு நிமிஷம்தான் கணக்கு. அன்று பேசிய அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். இறந்துபோன கணவர் பெயரிலிருந்த இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், படிவம் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டம் கட்டமாகச் சொல்லி முடிக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து பிரபாகர் விரலால் கழுத்தை அறுத்துக் காட்டினார். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஒரு தச்சர் வீட்டில் வளர்ந்தவரைக் கும்பிடுகிறவள் நான். ஒரு மனுஷிக்கு உதவாததை வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கிருந்து பேசுகிறாய் என்று அந்த அம்மா கடைசியில் கேட்டார். பொய் சொல்ல மனசு வரவில்லை, புதுச்சேரி என்றேன். அந்த அம்மா சொன்னார்: "என் மகன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான், அவனுக்கு நேரமில்லையாம்."

மூன்று மணி

அந்த அழைப்பின் பதிவைக் கேட்டுவிட்டு, என் வேலையை நிரந்தரமாக்குவதைத் தள்ளிவைத்தார்கள். பெரிய வெள்ளி வந்தது. லீவு கேட்டேன்.

"பிரான்சுல இன்னிக்கி லீவு இல்லம்மா. ஒங்க சாமியக் கொண்டாந்தவங்களே வேல செய்யிறாங்க" என்றார் பிரபாகர்.

"அவங்க மறந்துட்டாங்க சார். எங்களுக்கு நெனப்பு இருக்குது."

"இன்னிக்கி எழுந்து போனீங்கன்னா வேல நிரந்தரமாவாது. சொல்லிட்டேன்."

என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பயம் இருந்தது, கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று மணிக்கு, ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரத்துக்கு, எல்லோரும் பார்க்க ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இஸ்மாயில் பாய் போகும்போதெல்லாம் அவர் அழைப்புகளை நான் எடுத்திருக்கிறேன். இப்போது அவர் என் லைனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பிரபாகர் காதில் விழும்படியே சொன்னார்: "நீ கோயிலுக்குப் போம்மா, சோஃபிய நான் பாத்துக்கறேன்."

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் பிரான்சில் லீவு என்று ஆபீசையே பூட்டினார்கள், செவ்வாய்க்கிழமை என் நாற்காலியில் வேறொரு சோஃபி உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவர்கள் வேலையைவிட்டுத் தூக்கியது சோஃபியைத்தான், லூர்துமேரியை அல்ல.