ஏழு மணித் தேத்தண்ணி

காலை ஏழு மணிக்கு உரும்பிராய் வெங்காயத் தோட்டங்களைத் தாண்டிக் கம்பசுக்குச் சைக்கிளில் போவேன். ஒரு கிணற்றுக்கட்டில் எப்போதும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். தலையில் துவாய், கையில் தேத்தண்ணி, முழங்கால்வரை சேறு.

டிஜிட்டல் சிக்னல் வகுப்பில், மாறாத சிக்னலுக்கு உதாரணம் கேட்டார்கள். நான் அவரைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது.

ஒருநாள் அந்தக் கிணற்றடியில் சைக்கிள் செயின் கழன்றது. மாட்டிக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, எப்பவும் உதிலைதானே இருக்கிறியள். அலுக்காதோ?"

"எப்பவுமோ? தண்ணி இறைக்கிற மிஷினுக்கு எண்ணெயில்லை. விடியக்காலமை துலா மிதிக்கத் தொடங்கினால் ஏழு மணிக்குத்தான் ஒரு தேத்தண்ணி. தம்பி ஒருநாளைக்கு ஒருக்காத்தானே பாக்கிறீர்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

சுற்றுக்கு ஒருமுறை மட்டும் அளந்தால், ஆடுகிற சிக்னலும் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். கொப்பியில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். அன்றுதான் விளங்கியது.

அதன்பிறகு ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் பின்னேரமும் அந்த வழியால் போய்ப் பார்த்தேன். ஒரு தடவைகூட அவர் சும்மா இருக்கவில்லை. என்னைக் கண்டதும் மண்வெட்டியை உயர்த்திக் கத்துவார்:

"தம்பி, இண்டைக்கு இது எத்தினையாம் தரம்?"