பத்திரிகையில் போட்ட கோடு

பத்திரிகை வைக்க வந்தவள் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? "ஏன் ஆயா, உங்க பொண்ணு ஏன் கல்யாணமே பண்ணிக்கலை?" என்று வாசலில் நின்று கேட்கிறாயே, மாடி வீட்டுக்கு வாடகை கொடுத்தால் கீழ்வீட்டுக் கதையும் சேர்த்தா? கல்யாணப் பெண்ணுக்கு இந்தப் பேச்சு நல்லதா? போ, போய் மாப்பிள்ளையோடு போனில் பேசு. போகமாட்டாயா? சரி, உட்கார்ந்து தொலை.

உன் பத்திரிகையை முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசனையே இல்லை, சென்ட் அடித்திருக்கிறார்கள். ஆனால் உன் பேருக்குப் பின்னால் படிப்பு நீளமாக ஓடுகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். அதில் இரண்டு எறும்பை மட்டும் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். சி, ஏ.

என் மகள் கலாவதி தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் பி.காம். சேர்ந்தாள். விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் போவாள். சாயங்காலம் அவள் பையைத் திறந்தால் அவித்த மல்லாட்டைக் கடலை வாசனை வரும். தோலையெல்லாம் காகிதத்தில் மடித்து வைத்திருப்பாள். ரயிலில் குப்பை போடக்கூடாதாம், சட்டமாம். அந்தக் குப்பையை என் வீட்டில் கொட்டலாம் என்று எந்தச் சட்டம் சொன்னதோ தெரியாது.

படிப்பு முடிந்ததும் விழுப்புரத்திலேயே ஒரு ஆடிட்டரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அங்கே கற்றது வீட்டுக்கும் வந்தது. காலண்டரில் பால் கணக்கைத் தப்பாக எழுதிவிட்டு நான் எச்சில் தொட்டு அழித்தால் பாய்ந்து வருவாள்.

"அழிக்காதம்மா. ஒரே கோடா அடி. அடியில இன்னா இருந்துச்சின்னு தெரியணும். பக்கத்துல சின்னதா கையெழுத்துப் போடு."

"எச்சி என்னுதுதானடி? அதான் என் கையெழுத்து."

சி.ஏ. பரீட்சையில் எல்லாம் தேறி, கடைசியில் நாலு பாடம் சேர்ந்த ஒரே ஒரு குரூப் மட்டும் தேறாமல் நின்றுகொண்டது. ரத்த குரூப் மாதிரி இதுவும் மாறவே மாட்டேன் என்கிறதே என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடியும் பரீட்சைக்குப் பணம் கட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு சொசைட்டியில் வேலை. நிச்சயம் ஆன பிறகு, விழுப்புரம் வருகிற பஸ் கண்டக்டரிடம் அவளுக்குப் பூ கொடுத்தனுப்புவார். கலா பாத்திரம் தேய்க்கும்போது பாட ஆரம்பித்தாள். அவளுக்குப் பாட வரும் என்று பெற்றவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பாட்டு ஒன்றும் நன்றாக இல்லை. நிறுத்தச் சொல்லத்தான் மனசு வரவில்லை.

பத்திரிகை அடிக்கிற வேலையை என் தம்பி ஏழுமலை எடுத்துக்கொண்டான். பத்திரிகைக் கட்டை அவிழ்த்ததும் அச்சு மை வாசனை வீடெல்லாம் பரவியது. அவள் பேருக்குப் பின்னால் பி.காம்., சி.ஏ. என்று போட்டிருந்தான்.

"மாமா, நான் இன்னும் பாஸ் பண்ணல. பண்ணாம அதப் போட்டுக்கினா சட்டப்படி குத்தம்."

"முக்காவாசி பாஸ்தானே கண்ணு? கல்யாணப் பத்திரிகைய எவன் ஆடிட் பண்ணப் போறான்? பேஜாரு பண்ணாத."

மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கட்டைக் கொடுக்க வேண்டும். அவள் தரையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்த இரண்டு எழுத்தின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து. நான் மூலைக்கு மூலை மஞ்சள் தடவிக்கொண்டே வந்தேன். அவள் கறுப்பு மையால் அடித்துக்கொண்டே வந்தாள். ஆபீஸ் வேலையை ஒழுங்காக முடித்தவள் மாதிரி நிம்மதியாகக் கட்டிக் கொடுத்தாள்.

திண்டிவனத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"இன்னாங்க இது? கல்யாணப் பத்திரிகையில கறுப்பு மையால பொண்ணு பேர அடிச்சி எடுத்தாந்திருக்கீங்க?"

"பேர அடிக்கலீங்க, படிப்பத்தான்..." என்று இழுத்தான் ஏழுமலை.

"கருமாதிப் பத்திரிகைகூட இத்தவிட லட்சணமா இருக்கும். லேட்டானாலும் பரவால்ல, வேற அடிங்க. ஆனா அந்த ரெண்டெழுத்து இருக்கணும். ஆடிட்டர் மருமவ வர்றான்னு ஊரு பூரா சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் அவரே விழுப்புரம் வந்தார். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் டீ குடித்தார்களாம். வீட்டுக்கு வந்த கலா முகம் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

"இன்னாடி சொன்னாரு?"

"'ரெண்டெழுத்துதானே கலா'ன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நானும் அதயேதான் கேட்டேன். ரெண்டெழுத்துதானே, அது இல்லாம கட்டிக்க மாட்டீங்களான்னு. பஸ் வந்துடுச்சின்னு எழுந்துட்டாரு."

அவ்வளவுதான். வேறு பத்திரிகை அடிக்கவில்லை. கட்டு பரண் மேல் ஏறியது. அவள் சென்னைக்கு வேலைக்குப் போனாள்.

அடுத்த வருஷமே அந்தக் குரூப் தேறிவிட்டது, தெரியுமா? பூத்திலிருந்து எதிர்வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டாள். "பாஸ் பண்ணிட்டம்மா" என்றாள். பூத்தில் காசு ஓடுகிறது என்று வைத்துவிட்டாள். இனிமேல் அந்த இரண்டு எழுத்தை அவள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பத்திரிகையில் போடுவது?

இப்போது கம்ப்ளையன்ஸ் என்று ஒரு வேலை. பெரிய கம்பெனிகள் சர்க்காருக்குக் கொடுக்கிற காகிதத்தைப் படித்து, இதைச் சொல்லலாம், இதைச் சொல்லக்கூடாது என்று பிரித்துக் கொடுக்கிறாள். அதற்கு வீட்டு வாசலுக்குக் காரே வருகிறது. பொங்கலுக்கு வந்தபோது மடியில் கம்ப்யூட்டரை வைத்து எதையோ திருத்தினாள். எட்டிப் பார்த்தேன், கோடே விழவில்லை.

"அடியில இருந்தது எங்கடி?"

"போயிடுச்சிம்மா."

அச்சாபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. ஏழுமலை இல்லை, அவள் அப்பா இல்லை. அன்றைக்குத் தெருவில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நான் சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று என்று கேட்க ஒருத்தருமில்லை.

அன்றைக்குக் கல்யாணம் நின்ற சேதி பரவியதும் தெருக்காரர்கள் கூட்டமாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். உள் அறையில் கலா கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று, எல்லோருக்கும் காபி கொடுத்துச் சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னேன்:

"ஒண்ணுமில்லம்மா. அச்சுக்காரன் மாப்பிள்ள பேரத் தப்பா போட்டுட்டான். சரியான பேரப் போட்டு வேற பத்திரிகை வரும். எல்லாரும் முன்னாடியே வந்துடணும், ஆமா."