நான் எழுதாத தாள்கள்

நாகலாபுரம் பஸ் நிறுத்தத்துக்கு அந்தக் கிராமத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். பாதி தூரம் வந்துவிட்டிருந்தேன். உச்சி வெயில். மொட்டை போட்டு ஆறு நாள் ஆன தலை. துண்டைப் போட்டு மூடியும் சுட்டது. பின்தலையில், வலது காதுக்கு மேலே, ஓர் இடம் மட்டும் சில்லென்று இருந்தது. சற்று முன்பு கண் தெரியாத ஒரு பெரியவர் விரல் வைத்து அழுத்திப் பார்த்த இடம். துண்டுக்குள் கைவிட்டுத் தடவுவதும், சே என்று கையை எடுப்பதுமாக நடந்தேன்.

சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. எடுத்து முகர்ந்தேன். எழுதின தாளைப் படிப்பார்களா முகர்வார்களா என்று கேட்காதீர்கள். படிக்கத் தைரியம் இல்லை. மெஷினிலிருந்து வந்து நாள் ஆகியும் அந்தச் சூட்டு வாசனை, லேசாகக் கருகின வாசனை, போகவில்லை. அது வந்தால் எனக்குத் திருப்பதி ஞாபகம் வரும். மற்றவர்களுக்குத் திருப்பதி என்றால் துளசி, கற்பூரம், லட்டு. எனக்கு ஜெராக்ஸ்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நகரியில் பவர்லூமில் அறுந்த நூலைக் கட்டினேன். புத்தூர்ப் பக்கம் செங்கல் சூளை. காளஹஸ்திப் பக்கம் கடலைக்காய் பிடுங்கினேன். எந்த வேலை போனாலும் மலையேறி மொட்டை போட்டுக்கொள்வது என் வழக்கம். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்குச் சீப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். புது ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்தால் சாமியிடம் போய்வந்தவன், திருட மாட்டான் என்று நம்பி வேலை தருவார்கள். பெருமாள் எனக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட் அது ஒன்றுதான்.

அப்படி ஒரு மொட்டையோடு திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் மாற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லார் கையிலும் பட்டன் போன் இருந்த காலம். லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில் நெட் சென்டர். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். நடத்தியவர் ரமணா, தெலுங்குக்காரர். நான் அவர் கடையையும் சேர்த்துப் பெருக்கிவிடுவேன். கூட்டம் இல்லாத மதியத்தில் என்னை ஒரு மணி நேரம் உட்கார விடுவார்.

யாரோ மூடாமல் விட்டுப்போன பக்கத்தில்தான் முதன்முதலில் ஒரு தமிழ் வலைப்பூவைப் பார்த்தேன். ஒருவர் தன் வீட்டில் ரசம் பொங்கி வழிந்ததை எழுதியிருந்தார். கீழே பதினெட்டுப் பேர் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ரசத்துக்கே இத்தனை பேரா என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. நானும் ஒன்று திறந்தேன். 'செருப்பு தேய்ந்தவன்' என்று பேர் வைத்தேன். சொந்தப் பேரைப் போடக் கூச்சம். அந்தப் பேர் சொல்லி என்னை யார் கூப்பிட்டார்கள், எழுதுவதற்கு?

படம் வேண்டும் என்றது கம்ப்யூட்டர். ரமணா மேலே இருந்த கேமராவைத் தட்டினார். நான் அப்போது எழுத்தைத் தேடிக் கீபோர்டுக்குள் குனிந்திருந்தேன். படத்தில் முகம் விழவில்லை. சந்தனம் பூசிய மண்டை மட்டும் விழுந்தது. அதையே வைத்துவிட்டோம்.

"எவரு சதுவுதாரு இதி?" என்று சிரிப்பார் ரமணா. யார் படிப்பார்கள் இதை என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. யாரும் படிக்கவில்லை. பக்கத்தின் அடியில் வந்துபோனவர்களை எண்ணும் ஒரு பெட்டி ஓடும். நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் ஒன்று கூடும். என்னை நானே எண்ணிக்கொண்டிருந்தேன்.

லாட்ஜ் ரூமில் யாரோ மறந்துபோன பல்செட்டைப் பற்றி எழுதியபோது முதல் மறுமொழி வந்தது. 'படிச்சேன். நைனாவுக்கும் படிச்சுக் காட்டினேன். சிரிச்சுது.' எழுதியவள் பேர் செல்வி.

அந்த மூன்று வரியை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று அந்த எண்ணும் பெட்டிக்குத்தான் தெரியும். அதன் பிறகு எதை எழுதினாலும் மறுநாள் செல்வி வருவாள். சத்தியவேட்டில் ஜெராக்ஸ் கடையில் வேலை. நான் எழுதுவதைத் தாளில் எடுத்துப் போய்க் கண் மங்கிக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சோறு போடும்போது படிப்பாள். 'கை காயம் ஆறிடுச்சான்னு நைனா கேக்குது.' 'மழையில நனையாதன்னு சொல்லச் சொல்லுச்சு.' என் காயத்தைப் பற்றி யாரும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்பதற்காகவே இரண்டு காயம் கூடுதலாக எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒரு நாள் இப்படி வந்தது: 'குணா அண்ணா, நீதானே? மொட்டை போட்டுக்கினு நாளைக்கு வந்துர்றேன்னு போனவன். உன் படத்தைக் கண்ணுகிட்ட வெச்சுப் பாத்துட்டு எங்க குணா மண்டைதான்னு நைனா சொல்லுது.'

மொட்டை போட்டுச் சந்தனம் பூசினால் எல்லா மண்டையும் ஒன்றுதான். மலை மேல் பெற்ற பிள்ளையையே சட்டை நிறத்தை வைத்துத்தான் தேடுவார்கள். 'நான் இல்லை' என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். உலகத்தில் என்னைப் படிக்கிற வீடு ஒன்றே ஒன்று. அதையும் மூடவா? ஒன்றும் சொல்லாமல் அடுத்த கதையை எழுதினேன். பொய் சொல்லவில்லையே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த மறுமொழியில் அவள் கேட்டாள்: 'பின்மண்டையில மாடு முட்டின தழும்பு இன்னும் அரிக்குதா?'

அங்கேதான் நான் விழுந்தேன். அடுத்த பதிவில், மழை வருவதற்கு முன்னால் வலது காதுக்கு மேலே அந்தத் தழும்பு அரிக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் பதில் வந்தது: 'நைனா இன்னிக்கி ரெண்டு வாட்டி சோறு கேட்டு வாங்கித் துன்னுச்சு.'

நான் எழுதிய பொய் ஒரு மனிதர் வயிற்றில் சோறாக இறங்கியிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த வாரமே லாட்ஜை விட்டேன், திருப்பதியை விட்டேன். வலைப்பூவைத் திரும்ப நான் திறக்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ வேலை. கடைசியாக ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்குப் பெட்டி அடுக்கினேன். கான்ட்ராக்ட் முடிந்தது. வழக்கம்போல் மொட்டை. ஆறாம் நாள், அதாவது நான் இப்படி நடந்த அன்று காலை, வேறு வேலைக்கு ஆதார் நகல் எடுக்கச் சத்தியவேட்டில் ஒரு கடைக்குள் போனேன். ஆதாரைக் கொடுத்தேன். வந்த நகல் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். மெஷினுக்குப் பின்னால் இருந்த பெண் மூடியைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். பச்சை வெளிச்சம் அவள் தாடையில் போய்ப் போய் வந்தது.

"செருப்பு தேஞ்சவன்தானே நீ?"

அந்தப் பேரை யாராவது வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்பது வயதிருக்கும் செல்விக்கு. நான் திருதிருவென்று விழித்து, உன் அண்ணன் நான் இல்லை அம்மா என்று தொடங்கினேன்.

"தெரியும். கையில உன் ஆதார வெச்சிக்கினுதான கீறேன்" என்றாள். "அப்பவே தெரியும். எங்கண்ணன் மண்டையில தழும்பே கெடையாது. சும்மா போட்டுப் பாத்தேன். நீ அரிக்குதுன்னு எழுதின."

"அப்புறம் ஏன்..."

"அந்த வரிய உட்டுட்டுதான் படிச்சேன். நைனா துன்னுச்சு. அதான்." கடையை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பைப் போட்டாள். "வா. ஒரு வாட்டி வந்துட்டுப் போ. நெசத்தச் சொல்லணும்னா சொல்லிக்கோ. ஆனா அதுக்கப்பறம் அதுக்குச் சோறு நீதான் ஊட்டணும். சொல்லிட்டேன்."

பஸ் ஏற்றி நாகலாபுரம் பக்கத்தில் தன் கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். ஷீட் போட்ட வீடு. வாசலில் மூன்று படி, நடுப்படி உடைந்திருந்தது. நான் அதைப் பார்க்காமலே தாண்டிக் கால் வைத்தேன். தாண்டின பிறகுதான் பார்த்தேன். செல்வி எப்போதாவது எழுதியிருப்பாள், அது காலில் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிலில் பெரியவர். இரண்டு கண்ணும் பால் போலிருந்தது. என் காலடிச் சத்தத்துக்கே முகம் திரும்பிற்று.

"ஏன்டா, மொட்ட போட்டுக்கினு வர்றதுக்கு இவ்ளோ நாளா? கியூ அவ்ளோ பெருசா?"

செல்வி சிரித்துவிட்டாள். நானும். சொல்ல வந்தது அந்தச் சிரிப்பில் எங்கோ போயிற்று.

"தட்ட வெய்யி" என்றார் மகளிடம். என் பக்கம் கையை நீட்டி, "இத்தினி நாளா இவ கொரல்லயே கேட்டுக்கினு கீறேன். இன்னிக்கி உன் வாயால படி" என்றார்.

செல்வி ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளங்கை கனம் இருந்தது. நான் எழுதியது முப்பது நாற்பது பக்கம் தேறினால் அதிகம். பல்செட்டைப் படித்தேன். அவர் ஒரு வாய் வாங்கினார். பவர்லூமைப் படித்தேன். ஒரு வரியைத் தாண்டிவிட்டேன்; அவரே அதைச் சொல்லி, "உட்டுட்ட" என்றார். பிறகு ரேணிகுண்டா கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை இறக்கியதைப் படித்தேன். 'மூட்டை முதுகில் ஏறுகிற முதல் நொடியில் யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்தது போல இருக்கும்.'

நான் ரேணிகுண்டாவில் வேலை பார்த்ததே இல்லை.

தலை நிமிர்ந்தேன். செல்வி சோற்றைப் பிசைந்தபடி பார்வையை வேறு பக்கம் வைத்திருந்தாள். நான் எழுதுவதை நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் கடையில் உட்கார்ந்து ஒரு தாள் அடித்திருக்கிறாள். என் வார்த்தை, என் அலுப்பு, என் அசட்டுச் சிரிப்பு. படிக்கப் படிக்க, எது வரைக்கும் நான், எங்கிருந்து அவள் என்று எனக்கே பிடிபடவில்லை. போகாத ஊர்களில் பட்ட அடி என் உடம்பில் அங்கங்கே ஞாபகம் வந்தது.

கடைசித் தாள் சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரி. 'தொட்டியில் மாங்காய் கழுவும் வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் இடி விழுந்து பாதி கருகின புளியமரம். மிச்சப் பாதி காய்க்கிறது. அதன் அடியில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவோம்.'

"இப்பவும் அங்கதான கீற?" என்றார்.

என்ன சொன்னால் என்ன ஆகும் என்று தட்டைப் பார்த்தேன். பாதிச் சோறு இருந்தது.

"ஆமா நைனா."

மிச்சத்தையும் சாப்பிட்டார். கை கழுவி, ஈரத்தோடு என் தலையைப் பிடித்து மெதுவாகத் தடவினார். நெற்றி, உச்சி, பின்பக்கம். வலது காதுக்கு மேலே வந்ததும் விரல் நின்றது.

"இது எப்பட்ரா பட்டுது? மாடு முட்டுன மாதிரி கீது."

செல்வியின் கையில் தட்டு அசையவில்லை.

வாசலுக்கு வந்ததும், "காட்டு" என்று என் தலையைத் திருப்பிப் பார்த்தாள். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கௌம்பு." கடைசித் தாளை என் பையில் வைத்தாள்.

"நீ சித்தூர் போயிருக்கியா?"

"நானா? புத்தூர் தாண்டினதில்ல. வாய்க்கு வந்தத எழுதறதுதான்."

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் நடந்தேன். நடுவில் ஒரு தடவை துணிந்து தடவினேன். மயிர் முளைக்காத ஒரு கோடு, விரல் நீளம். மலையில் கத்தி கீறியிருக்கலாம். ஆனால் ஆறு நாள் காயத்துக்கு அது ரொம்பப் பழையதாக இருந்தது.

பஸ்ஸில் ஏறியதும் போனை எடுத்துச் 'செருப்பு தேய்ந்தவன்' என்று தேடினேன். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. இலவசமாக இடம் கொடுத்த கம்பெனியே மூடிவிட்டதாம். நான் எழுதியது, அவள் கேட்டது, நான் அடித்து அழித்தது, எதுவும் இல்லை. படியைப் பற்றி அவள் எழுதினாளா இல்லையா என்று பார்க்க இனி வழியில்லை. ரமணாவின் நெட் சென்டரில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் போனை முகத்துக்கு நேரே பிடித்து, எல்லாருக்கும் வணக்கம் என்று ஊருக்கே பேசிக்கொண்டிருந்தார். ஆயிரம் பேர் கேட்பார்கள் போல. யாராவது அவர் காயத்தைப் பற்றிக் கேட்பார்களா தெரியாது. என் எழுத்து இன்றைக்கு இருப்பது ஒரே இடத்தில்தான்: கண் தெரியாத ஒரு மனிதரின் மனப்பாடத்தில். அங்கேயும் அது என் பேரில் இல்லை.

புத்தூரில் இறங்கிச் சத்தியவேட்டுக்கே திரும்பியிருக்கலாம். சித்தூர் பஸ் நின்றது. சொன்னதில் ஒன்றையாவது உண்மையாக்கிவிடலாம் என்று தோன்றியது. ஏறினேன்.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய்க் கேட்டேன். மாங்காய் சீசன், லாரிகள் வரிசையாக நின்றன. இரண்டு இடத்தில் ஆள் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம் நின்றது. ஒரு பக்கம் உச்சியிலிருந்து வேர் வரை கரி. மறு பக்கம் பிஞ்சு விட்டிருந்தது. அடியில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு.

மேஸ்திரி நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என் மொட்டையைப் பார்த்தார்.

"ஏமய்யா, போன சீசன் பாதியில சொல்லாம கொள்ளாம பூட்டு, இப்போ சாமி கும்பிட்டுக்கினு வந்து நிக்கற? தொட்டிதானே உன்து? போ போ, மாங்கா வந்து கெடக்குது."

நான் செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டுவிட்டு உள்ளே போனேன். தொட்டி எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை.